கண்ணாடி மேல் எழுதியிருப்பது என்ன?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இப்போது காலை, சிலருக்கு நள்ளிரவு. வழக்கமாக இந்தச் சந்திப்பில் நாவல், சிறுகதை, கவிதை பற்றித்தான் பேசுவோம். இன்று நான் ஒரு கைவினையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனாலும் இது எழுத்தையும் வாசிப்பையும் பற்றிய பேச்சுதான். சிரியாவிலும் எகிப்திலும் ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன் செய்யப்பட்ட எனாமல் கண்ணாடி ஐரோப்பாவுக்கு எப்படி வந்தது, ஐரோப்பியக் கைவினைஞர்கள் அதைப் பார்த்து என்ன செய்தார்கள், அதில் எழுதியிருந்த சொற்களுக்கு என்ன ஆயிற்று? இதுதான் இன்றைய பொருள்.

நான் கலை வரலாறு படித்தவள் இல்லை. நாகர்கோவில் பக்கத்தில் செவிலியர் டிப்ளோமா படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள். வார்டு வேலை போக மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். லண்டனில் பெரிய அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் விடுமுறை நாளில் அங்கே போய்விடுவேன். அப்படித்தான் இந்தக் கண்ணாடிகள் பழக்கமாயின.

ஆனால் எனாமல் கண்ணாடி எனக்குப் புதிது இல்லை. ஊசி மருந்து வரும் ஆம்பூலைப் பார்த்திருப்பீர்கள். பல ஆம்பூல்களில் மருந்தின் பெயர் காகிதத்தில் ஒட்டியிருக்காது, கண்ணாடி மேலேயே அச்சாகியிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. நான் படித்த காலத்தில் கண்ணாடி சிரிஞ்சுகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. அவற்றின் அளவுக்கோடுகளும் அப்படித்தான், எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் அழியாது. நிறமேற்றிய கண்ணாடியைத் தூளாக அரைத்து, பசையிலோ எண்ணெயிலோ குழைத்து, கண்ணாடி மேல் பூசிச் சூளையில் சுட்டு ஒட்டவைப்பதுதான் எனாமல். அடிப்படை வேலை அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது அப்படி இல்லை. பூசிய தூள் உருக வேண்டும், அதைத் தாங்கும் பாத்திரம் உருகிவிடக் கூடாது. சூடு கூடினால் பாத்திரம் சரிந்துவிடும், குறைந்தால் எனாமல் பிடிக்காது. ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் எனாமல் செதிலாக உரிந்துவிடும், அல்லது பாத்திரமே விரிசல் விடும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போடாதீர்கள், பச்சைத் தண்ணீரில் போட்டு அதோடு சேர்த்துச் சூடாக்குங்கள் என்று எங்கள் ஆசிரியை சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணாடிக்கு அவசரம் ஆகாது.

இந்த வேலையை 13, 14ஆம் நூற்றாண்டுகளில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட சிரியா, எகிப்துப் பகுதிகளின் கைவினைஞர்கள். அவர்கள் செய்தவற்றில் மிகப் புகழ்பெற்றது பள்ளிவாசல் விளக்கு. மேலே அகன்று விரியும் கழுத்து, உருண்ட வயிறு, கீழே ஒரு பாதம். தோளில் சிறு சிறு கண்ணாடிக் காதுகள், அவற்றில் சங்கிலி கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். உள்ளே எண்ணெயும் திரியும் போட்ட ஒரு சிறு கிண்ணம் இருக்கும். நாம் விளக்கு என்று சொல்வது உண்மையில் அந்தச் சுடரைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கூடு.

கூட்டைச் சுற்றி எழுத்து. கழுத்தில் பெரும்பாலும் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம். அந்த அத்தியாயத்தின் பெயரே ஒளி. இறைவனுடைய ஒளியை மாடத்தில் வைத்த விளக்கோடும், அந்த விளக்கைச் சூழ்ந்த கண்ணாடியை மின்னும் நட்சத்திரத்தோடும் ஒப்பிடுகிற வசனம் அது. கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கைப் பற்றிய சொற்களைக் கண்ணாடி விளக்கின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் விளக்கைக் கொடுத்த சுல்தானின் அல்லது அமீரின் பெயரும் பட்டங்களும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பல விளக்குகளில் கழுத்தின் எழுத்து நீல எனாமலில் இருக்கும். வயிற்றில் அதற்கு நேர்மாறு, பின்னணியை நீலத்தால் நிரப்பி எழுத்துகளை எனாமல் பூசாமல் விட்டு அவற்றுக்குப் பொன் பூசியிருப்பார்கள். நீலம் ஒளியை மறைக்கும், எழுத்தின் வழியாக ஒளி வரும். விளக்கை ஏற்றினால்தான் எழுத்து முழுதாகத் துலங்கும். பல விளக்குகளின் நீலத்தில் கலந்திருப்பது லாபிஸ் லசுலி என்ற கல்லின் தூள், ஆப்கானிஸ்தானின் மலைகளிலிருந்து வந்த கல். கெய்ரோவில் சுல்தான் ஹசன் பள்ளிவாசல் 1356இல் தொடங்கிக் கட்டப்பட்டது. அதற்காகச் செய்த விளக்குகளில் பல இன்றும் இருக்கின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்த இரவை நினைத்துப் பாருங்கள்.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். இந்தக் கண்ணாடி அங்கே இரண்டு முறை போய்ச் சேர்ந்தது. முதல் முறை இடைக்காலத்திலேயே, வணிகர்கள் வழியாகவும் புனித நாட்டுக்குப் போய்வந்த யாத்திரிகர்கள் வழியாகவும். வியன்னாவில் புனித ஸ்தேவான் பேராலயத்தின் கருவூலத்தில் சிரியாவின் எனாமல் கண்ணாடிக் கலங்கள் இருந்தன. பெத்லகேமில் ஏரோது கொன்ற பாலகர்களின் இரத்தம் தோய்ந்த மண் அதில் இருப்பதாக நம்பினார்கள். இஸ்லாமியக் கைவினைஞர் செய்த பாத்திரத்தை ஒரு கிறிஸ்தவ ஆலயம் புனிதப் பொருளை வைக்கும் அளவுக்கு மதித்திருக்கிறது.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஈடன்ஹாலின் அதிர்ஷ்டம் என்ற பெயருள்ள ஒரு குவளை இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அல்லது எகிப்தில் செய்தது. வாய் விரிந்து, நீலமும் பச்சையும் சிவப்பும் வெள்ளையும் பொன்னுமாக இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்தில் மஸ்கிரேவ் என்ற குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. தேவதைகள் விட்டுப்போன குவளை, அது உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டம் போய்விடும் என்று ஒரு கதை. ஜெர்மானியக் கவிஞர் உலாண்ட் அதைப் பாடலாக எழுதினார், அவர் பாடலில் குவளை உடைந்துவிடுகிறது. நிஜத்தில் நடந்தது வேறு. ஈடன்ஹால் மாளிகையை 1934இல் இடித்துவிட்டார்கள். குவளைக்கு ஒரு கீறல் கூட இல்லை. 1958இல் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

அந்தக் குவளையைப் பத்திரப்படுத்த 15ஆம் நூற்றாண்டில் யாரோ தோலில் ஓர் உறை செய்திருக்கிறார்கள். உறையின் மூடியில் ஐ, எச், எஸ் என்று மூன்று எழுத்துகள். கிறிஸ்தவர்களுக்கு உடனே தெரியும். கிரேக்கத்தில் இயேசுவின் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் அவை. எங்கள் ஊர்க் கோயில் பீடத் துணியிலும் அவை தைத்திருக்கும். அவற்றை வாசிக்கத் தெரியாமலேயே அதன் முன்னால் முழங்காலில் நின்ற பாட்டிமார் எத்தனையோ பேர். அந்த மூன்று எழுத்துக்குள் சிரியாவின் கண்ணாடி ஐந்நூறு வருடங்களாகச் சேதமில்லாமல் இருந்திருக்கிறது.

1401இல் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடிக் கைவினைஞர்களைச் சமர்கண்டுக்குக் கொண்டுபோனார். 15ஆம் நூற்றாண்டில் கிழக்கே இந்தத் தொழில் தேய, வெனிஸ் நகரத்தை ஒட்டிய முரானோ தீவில் அது தழைத்தது. அதற்கு முன்பே வெனிஸில் எனாமல் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குவளையில், தன்னைச் செய்தவர் ஆல்த்ரேவாந்தின் என்ற ஆசான் என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. அந்தக் குவளையின் காலம் 14ஆம் நூற்றாண்டு.

பிறகு காற்று திசை மாறியது. 1569இல் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா, இஸ்தான்புலில் இருந்த வெனிஸ் தூதர் மார்க்கந்தோனியோ பார்பரோ வழியாக 900 பள்ளிவாசல் விளக்குகள் வேண்டும் என்று கேட்டார். எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடமும் போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே வெனிஸும் அதே உஸ்மானியரும் கடலில் போர் செய்தார்கள். ஆனாலும் தொழுகைக்கு விளக்கு வேண்டுமென்றால் முரானோவைக் கேட்கலாம் என்று அந்த அமைச்சருக்குத் தோன்றியிருக்கிறது. எதிரி ஊர் என்பதற்காக யாரும் நல்ல கண்ணாடியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது வருகை 19ஆம் நூற்றாண்டில். இது வேறு கதை. அதற்குள் ஐரோப்பிய நாடுகளின் கை ஓங்கிவிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1882இல் பிரிட்டன் எகிப்தைப் பிடித்தது. கெய்ரோவின் பழைய பள்ளிவாசல்களில் தொங்கிய விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி, வியாபாரிகள் கைமாறி, பாரிஸிலும் லண்டனிலும் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போயின. பழைய கட்டிடங்களையும் பொருள்களையும் காப்பாற்ற எகிப்தில் ஒரு குழு அமைந்தது 1881இல்தான். மிஞ்சிய விளக்குகளைக் கெய்ரோவின் அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். இன்றும் உலகிலேயே அதிகமான விளக்குகள் இருப்பது அங்கேதான்.

பாரிஸ் வந்த விளக்குகளைப் பார்த்தவர்களில் ஒருவர் பிலிப் ஜோசப் புரோக்கார். 1831இல் பிறந்தவர். பழைய பொருள்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். குளூனி அருங்காட்சியகத்தில் இருந்த மம்லூக் விளக்குகள் அவரைப் பிடித்துக்கொண்டன. இந்தத் தரத்தில் கண்ணாடியில் எனாமல் செய்யும் வித்தை அப்போது பிரான்ஸில் வழக்கில் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பழைய விளக்கைப் பார்ப்பது, செய்வது, சுடுவது, உடைவது, மறுபடி செய்வது என்று தானாகவே கற்றுக்கொண்டார். 1867 பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவர் வேலைகள் இடம்பெற்றன. 1878 பொருட்காட்சியில் பெரும் பெயர் கிடைத்தது.

வியன்னாவில் லுத்விக் லோப்மையரின் நிறுவனமும் அதே 1878இல் அரபு பாணிக் கண்ணாடி வரிசை ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. வடிவமைத்தவர்கள் ஷ்மோரன்ஸ், மாஹித்கா என்ற இரு கட்டிடக் கலைஞர்கள். ஷ்மோரன்ஸ் எகிப்தை நேரில் பார்த்தவர், 1873 வியன்னா உலகப் பொருட்காட்சியில் எகிப்து அரங்கைக் கட்டியவர். இப்படிப் பணக்கார வீடுகளின் வரவேற்பறைக்குப் பள்ளிவாசல் விளக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதைத் தொங்கவிடவில்லை. கணப்படுப்பின் மேல்மாடத்தில் ஜாடியாக வைத்தார்கள். உள்ளே திரி இல்லை, எண்ணெய் இல்லை. ஒளி உள்ளிருந்து வருவதற்காக ஒதுக்கிவைத்த எழுத்துகள் வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் பளபளத்தன.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். புரோக்கார் பாரிஸில் வளர்ந்த கைவினைஞர், குர்ஆன் ஓதி வளர்ந்தவர் அல்ல. எழுத்தை வடிவமாகப் பார்த்துத்தான் வரைந்தார். அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரதிகளில் சிலவற்றை அரபி தெரிந்தவர் தடையில்லாமல் வாசிக்கலாம், அவ்வளவு உண்மையாகப் பெயர்த்திருக்கிறார்கள். வேறு சிலவற்றில் எழுத்து போலத் தெரிகிற கோடுகள்தான் இருக்கின்றன. நேராக நிற்கும் கம்புகள், வளைவுகள், புள்ளிகள், எல்லாம் இருக்கும், சொல் இருக்காது.

என்னோடு ஒரே வார்டில் எகிப்திய செவிலியர் ஒருவர் வேலை பார்த்தார். ஒரு நாள் அவரையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். மம்லூக் விளக்கின் முன் நின்று கழுத்தை அண்ணாந்து பார்த்தார். நெருக்கமாக, உயரமான எழுத்துகள். முதல் இரண்டு சொல்லை எழுத்துக்கூட்டினார். அதற்குப் பிறகு கண்ணால் தேட வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்தது தானாக வந்தது, மெதுவான குரலில் ஓதிக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எழுநூறு வருடப் பழைய பொருள் அந்த இரண்டு நிமிடம் தன் வேலையைச் செய்தது.

பிறகு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குவளை ஒன்றைக் காட்டினேன். வலப்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார், நின்றார், திரும்பத் தொடங்கினார். “இது அரபி மாதிரி இருக்கிறது, அரபி இல்லை” என்றார். கோபம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆனால் எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார், பாருங்கள்” என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பொறுமை உண்மை, சொல் இல்லாமல் போனதும் உண்மை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பழைய மருந்துச் சீட்டைப் புதிய சீட்டில் பெயர்த்து எழுதும்போது எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது, என்ன மருந்து, யாருக்கு, எவ்வளவு என்று படித்துப் புரிந்துகொண்டு எழுத வேண்டும். ஆம்பூலை உடைக்கும் முன் அதன் மேல் இருப்பதைப் படிக்க வேண்டும். கண்ணாடி மேல் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் இன்னொருவர் வாசிப்பார் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார். வாசிக்காதபோது அது வெறும் கோடாகிவிடுகிறது. ஐரோப்பாவுக்கு இஸ்லாமியக் கண்ணாடியின் வடிவம் வந்தது, நிறம் வந்தது, நுட்பம் வந்தது. கடைசியாக வந்தது அர்த்தம். சில இடங்களில் அது இன்னும் வந்து சேரவில்லை.

புரோக்கார் ஒரு நேர்மையான காரியம் செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன் வேலைகளில் தன் பெயரைக் கையொப்பமாக இட்டார். கையொப்பம் இல்லாத பிரதி என்றால் கண்ணாடியே சாட்சி சொல்லும். மம்லூக் கண்ணாடியில் தேன் நிறம் லேசாக ஓடும், குமிழிகள் நிறைய இருக்கும். 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி பெரும்பாலும் தெளிவானது. அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் எனாமலை ஊடுகதிரால் சோதிக்கலாம். குரோமியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தது 1797இல். பச்சை எனாமலில் குரோமியம் சேர்த்திருந்தால் அந்த எனாமல் 14ஆம் நூற்றாண்டில் பூசியதாக இருக்க முடியாது.

கடைசியாக ஒருவர், எமில் காலே. 1846இல் பிறந்தவர், பிரான்ஸின் நான்சி நகரத்துக் கண்ணாடிக் கலைஞர். புரோக்காரின் வேலையைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர். ஆரம்பத்தில் அவரும் இஸ்லாமிய பாணியில் எனாமல் பாத்திரங்கள் செய்தார். பிறகு பூக்கள், பூச்சிகள், செடிகொடிகள் என்று தன் வழியில் போனார். அதோடு இன்னொன்றும் செய்தார். தன் கண்ணாடிகளில் சொற்களை எழுதத் தொடங்கினார், தன் மொழியில், தன் ஊரார் வாசிக்கக் கூடிய சொற்களை. ஹ்யூகோ, பொதலேர் போன்ற கவிஞர்களின் வரிகள். அவற்றைப் பேசும் கண்ணாடிகள் என்றே அழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி என்ன பேசியது தெரியுமா? 1894இல் டிரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை உளவாளி என்று பொய்க் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். பிரான்ஸ் இரண்டாகப் பிரிந்தது. காலே புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். டிரேஃபஸுக்காக வெளிப்படையாக நின்றார், சொந்த ஊரிலேயே பகையைச் சம்பாதித்தார். அந்த வருடங்களில் அத்திமரம் என்ற பெயரில் ஒரு கிண்ணம் செய்தார். மனிதர் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்ற பொருளுள்ள ஹ்யூகோவின் வரிகள் அதில் இருக்கின்றன. 1900 பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் கறுப்பு மனிதர்கள் என்ற குவளையை வைத்தார். பொய்யும் வெறுப்பும் இருண்ட உருவங்களாக எழும்பி வருகிற குவளை அது.

காலேக்கு இந்த எண்ணம் பல வழிகளில் வந்திருக்கலாம். என் வாசிப்பு இது: இஸ்லாமியக் கண்ணாடியிலிருந்து மற்றவர்கள் கோலத்தை எடுத்துக்கொண்டபோது, காலேயின் பேசும் கண்ணாடிகள் அந்த விளக்கின் உள் எண்ணத்துக்கு அருகே போய்விட்டன. கண்ணாடி வெறும் பாத்திரம் இல்லை, ஒளி படும்போது வாசிக்க வேண்டிய பக்கம் என்ற எண்ணம். விளக்கைச் செய்த கெய்ரோக்காரரும் கிண்ணத்தைச் செய்த நான்சிக்காரரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இரண்டு பேருமே தாங்கள் நம்பிய சொல்லை எளிதில் உடையக்கூடிய பொருளின் மேல் எழுதிச் சூளைக்குள் வைத்தார்கள்.

நாம் எல்லோரும் வெளிநாடுகளில் இருக்கிறோம். நம்மைச் சுற்றியிருக்கிற அருங்காட்சியகங்களில் உலகத்தின் எல்லா மொழி எழுத்துகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. 1867இல் பாரிஸில் ஒரு கைவினைஞருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க அரபி தெரிந்தவர் எளிதில் கிடைத்திருக்க மாட்டார். இன்று அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உங்களோடு இரவுப் பணி பார்க்கிறார், பேருந்து ஓட்டுகிறார், பக்கத்து வீட்டில் சமைக்கிறார். அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகராமல், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அவர் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.